வடசென்னை மேடைக்கு எந்த செமி ஹாலோ கிட்டார்?

ராயபுரம், காசிமேடு, பெரம்பூர் பக்கம் செமி ஹாலோ (பாதி காலியான உடம்புள்ள எலக்ட்ரிக்) கிட்டார் தேடுபவர்களில் பெரும்பாலானோர் ஞாயிறு ஆராதனையில் வாசிப்பவர்கள், இல்லையென்றால் மெல்லிசைக் குழுவில் இருப்பவர்கள். இரண்டு இடத்திலும் கிட்டார் ஆம்ப்பைப் பார்ப்பது அபூர்வம். கிட்டாரிலிருந்து பிராசஸர் (எஃபெக்ட் பெட்டி), அங்கிருந்து நேராக மிக்ஸர், பின்னால் டிரம்ஸ், காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர். திருவிழா மேடை என்றால் பக்கவாட்டில் ஆளுயர ஸ்பீக்கர் வேறு. இந்த ஏற்பாட்டில் எது தாங்கும் என்றுதான் இங்கே பார்க்கிறோம். வீட்டில் சின்ன ஆம்ப் வைத்து ஜாஸ் வாசிப்பவருக்கு கீழே தரும் வரிசை அப்படியே தலைகீழாகலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐபனெஸ் ஏஎஸ்73 வாங்குங்கள். கையில் கூடுதலாகப் பணம் இருந்தால் எபிஃபோன் ஈஎஸ்-335. பிக்ஸ்பி (கம்பிகளை ஆட்டிச் சுரத்தை அசைக்கும் கைப்பிடி) இல்லாத கிரெட்ச் ஜி2622 மூன்றாவது. ஸ்குவயர் ஸ்டார்காஸ்டர் பட்ஜெட்டுக்கு. எபிஃபோன் கசினோ அழகான கிட்டார், ஆனால் இந்த மேடைக்கு வேண்டாம்.

ஏன் என்பதற்கு உடம்பின் உள்ளே பார்க்க வேண்டும். கிப்ஸன் 1958-ல் ஈஎஸ்-335-ஐக் கொண்டுவந்தபோது செய்த காரியம் ஒன்றுதான். குடைந்த உடம்பின் நடுவில், கழுத்து சேரும் இடத்திலிருந்து கீழ்முனை வரை ஒரு திட மரக்கட்டையை வைத்தார்கள். பிக்கப்பும் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தம்) பிரிட்ஜும் (உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) அந்தக் கட்டை மேல் உட்காரும். இரண்டு பக்க இறக்கைகள் மட்டும் காலி. ஸ்பீக்கர் சத்தம் கிட்டாரின் முன்பலகையை அதிர வைத்து, அது கம்பியை அதிர வைத்து, பிக்கப் அதையே திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்பும்போதுதான் 'ஊ...' என்ற ஊளை வரும். நடுக்கட்டை இருந்தால் பிரிட்ஜ் இருக்கும் இடம் அவ்வளவு சுலபமாக ஆடாது. ஊளை வராது என்றில்லை, அது வருவதற்குள் நிறைய வால்யூம் ஏற்றலாம்.

கசினோவில் அந்தக் கட்டையே கிடையாது, முழுக்கக் காலி. வெளித்தோற்றம் 335 மாதிரியே இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். போதாததற்கு அதிலுள்ள பி-90 பிக்கப் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) வகை. சீரியல் செட், டிம்மர், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே லைனில் ஓடும் தெருமுனை மேடையில் 50 ஹெர்ட்ஸ் ஹம்மிங்கை வாரி இழுத்துக்கொள்ளும். கிரெட்ச்சிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஜி2420 முழு ஹாலோ, ஜி2622 நடுக்கட்டை உள்ளது. ஐபனெஸில் எழுத்தைப் பாருங்கள். ஏஎஸ் என்று தொடங்கினால் செமி ஹாலோ, ஏஎஃப் என்றால் ஹாலோ.

"இது பிளைவுட் சார், அதனால்தான் விலை கம்மி" என்று சில கடைகளில் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அசல் 335-ன் முன்பலகை, பின்பலகை, பக்கம் மூன்றுமே ஆரம்பத்திலிருந்து அடுக்கு மேப்பிள்தான். கடற்கரை ஈரத்துக்கு அடுக்குப் பலகை இன்னும் நல்லது, ஒற்றைப் பலகை போல ஊதி வெடிக்காது.

இனி மாடல்கள். ஏஎஸ்73-ல் லிண்டன் உடம்பு, ஒட்டிய கழுத்து, 22 ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி), கிளாசிக் எலைட் ஹம்பக்கர் (ஹம்மிங்கை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) இரண்டு, ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்) 628 மி.மீ. கழுத்துப் பிக்கப்பில் டோனைப் பாதிக்குக் குறைத்தால் கீர்த்தனைகளுக்கு வேண்டிய உருண்டையான சத்தம் வருகிறது. பிரிட்ஜ் பிக்கப் கொஞ்சம் கூர்மை, அதைப் பிராசஸரில் டிரெபிளைக் குறைத்துச் சரிக்கட்டலாம். இந்த விலையில் ஃப்ரெட் முனைகளை இவ்வளவு ஒழுங்காகத் தேய்த்துக் கொடுப்பதுதான் இதன் பெரிய பலம். தொழிற்சாலையிலிருந்து வரும் கம்பி மட்டும் சுமார், வாங்கிய அன்றே மாற்றிவிடலாம்.

எபிஃபோன் ஈஎஸ்-335 ஒரு படி மேல். அடுக்கு மேப்பிள் உடம்பு, மஹோகனி கழுத்து, அல்னிகோ கிளாசிக் ப்ரோ பிக்கப், சிடிஎஸ் பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாகம்). வால்யூமை 10-லிருந்து 6-க்குக் குறைக்கும்போது சத்தம் மங்காமல் சுத்தமாகிறது. டிஸ்டார்ஷனை விரலாலேயே கட்டுப்படுத்தி வாசிப்பவருக்கு இது காசுக்குத் தகும். ஒரு குறை, கேபிள் செருகும் ஜேக் முன்பலகையிலேயே இருக்கிறது. கேபிளை யாராவது மிதித்தால் அடி மெல்லிய பலகையில் விழும். வளைந்த முனை உள்ள கேபிளை மட்டும் செருகுங்கள்.

கிரெட்ச் ஜி2622-ல் பிக்கப்பின் சிக்னல் பலமாக வரும், ராக் வாசிப்பவருக்குப் பிடிக்கும். பிக்ஸ்பி பொருத்திய ஜி2622டி பார்க்க அட்டகாசம். ஆனால் அதில் கம்பி மாற்றுவது தனி வேலை, ஆட்டி விட்டால் டியூனிங் திரும்புவதும் சந்தேகம். இரண்டு பாட்டுக்கு நடுவில் பத்து நொடி கூடக் கிடைக்காத கச்சேரியில் அது வேண்டாத வம்பு. ஸ்டார்காஸ்டரின் கழுத்து ஸ்க்ரூவில் நிற்பது. கழுத்துக் கோணம் பிசகினால் கழற்றி ஒரு மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்துவிடலாம், ஒட்டிய கழுத்தில் அது முடியாது. சத்தம் சாதாரணம்.

ஆராதனைக் குழுவில் இதையே அக்கூஸ்டிக்குக்குப் பதிலாகவும் வாசிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. கையில் வைத்துத் தட்டும்போது வரும் சத்தம் மேடையில் வராது, மிக்ஸருக்குப் போவது பிக்கப்பின் சத்தம் மட்டுமே.

கடைக்குப் போனால் பாலிஷைப் பார்த்து மயங்க வேண்டாம். செல்போன் டார்ச்சை எஃப் ஓட்டை (முன்பலகையில் 'f' வடிவில் உள்ள ஓட்டை) வழியாக அடித்து நடுக்கட்டை முன்பலகையோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கிட்டாரை மெதுவாகக் குலுக்குங்கள், உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. அடுத்தது பிரிட்ஜ். அது ஏற்கெனவே அடிமட்டம் வரை இறங்கியிருந்து, கம்பி இன்னும் உயரமாகவே நின்றால் கழுத்துக் கோணம் தவறு. ஒட்டிய கழுத்தில் இதற்கு மலிவான வைத்தியம் இல்லை, அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள். 12-ம் ஃப்ரெட்டுக்கு மேல் முதல் இரண்டு கம்பிகளையும் ஒரு முழு சுரம் இழுத்துப் பாருங்கள். சத்தம் நடுவில் செத்தால் ஏதோ ஒரு ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. மூன்றாம் கம்பியை டியூன் செய்யும்போது 'டிக்' என்று கேட்டால் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு துண்டு) பள்ளம் இறுக்கம். செமி ஹாலோவில் அதிகம் வரும் புகார் இது. கம்பி நட்டிலிருந்து வளைந்து வெளிப்பக்கம் போவதுதான் காரணம். பள்ளத்தை லேசாகத் தேய்த்து, பென்சில் கரியைத் தடவினால் போதும்.

பிக்கப்பை மாற்றும் செலக்டரை நடுவில் வைத்து இரண்டு பிக்கப்பையும் சேர்த்துக் கேளுங்கள். சத்தம் மூக்கால் பேசுவது போல மெலிந்தால் ஒரு பிக்கப்பின் வயர் மாறியிருக்கிறது. கடைசியாக, வால்யூமை ஏற்றி ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் நேராக நின்று, கம்பிகளைக் கையால் பொத்துங்கள். பொத்தினால் நிற்கும் ஊளை உடம்பு தருவது, அதைச் சமாளிக்கலாம். பொத்தியும் நிற்காத கீச்சொலி பிக்கப்பிலிருந்து வருவது, வேறு கிட்டார் கேளுங்கள்.

ஜேக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த வகைக் கிட்டார் மெக்கானிக்கிடம் போவதற்கு அதுவே முக்கியக் காரணம். வெளியே நட்டு தளர்ந்திருக்கும், ஸ்பேனர் போட்டு முறுக்குவோம், உள்ளே ஜேக்கும் சேர்ந்து சுழன்று வயர் முறுக்கி அறுந்துவிடும். ஜேக் ஓட்டைக்குள் ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்க வேண்டும், உள்ளே பல் வாஷர் ஒன்று போட்டுவிட்டால் நல்லது. திட உடம்புக் கிட்டாரில் பின்மூடியைத் திறந்து பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலை, இங்கே மூடியே இல்லாத மாடல்களில் எஃப் ஓட்டை வழியாக எல்லாவற்றையும் வெளியே இழுத்துத்தான் நடக்கும். கூலியும் அதற்கேற்ப ஏறும். நீங்களே செய்வதென்றால் கொளத்தூர் மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் காற்று டியூபை, பாட் தண்டில் இறுக்கமாக ஏறும் அளவு பார்த்து, நான்கு துண்டு வாங்குங்கள். குமிழையும் நட்டையும் கழற்றி, டியூபைத் தண்டில் மாட்டி, பாட்டை உள்ளே தள்ளி எஃப் ஓட்டை வழியாக எடுங்கள். டியூபின் மறுமுனை வெளியிலேயே நிற்கட்டும். வேலை முடிந்ததும் அதைப் பிடித்து இழுத்தால் பாட் தானாகத் தன் ஓட்டைக்கு வந்து சேரும். டியூப் இல்லாமல் முயன்றால் அரை நாள் போய்விடும்.

செட்அப் (வாசிக்க ஏதுவாகச் சீர்செய்யும்) அளவுகள்: முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் அழுத்தினால், 7-ம் ஃப்ரெட் மேல் 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி. 12-ம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.6 மி.மீ. கம்பித் தடிமன் 10-46. ஸ்டார்காஸ்டர் தவிர மற்றவற்றின் ஸ்கேல் ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டாரை விடக் குட்டை என்பதால் 10 கூட இளகலாகவே இருக்கும், அழுத்தி வாசிப்பவர் 11-க்குப் போகலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் கழுத்து நகரும். டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். கம்பியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், மொத்தமாகக் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்து இன்டொனேஷன் (கழுத்து முழுக்கச் சுரம் சரியாக இருப்பது) கலையும்.

காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் உப்புக் காற்று வேலையைக் காட்டுவது முதலில் பிரிட்ஜ் ஸ்க்ரூவில்தான். வாசித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலின் ஸ்க்ரூ ஒவ்வொன்றிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தங்க முலாம் சீக்கிரம் உரியும், குரோம் பாகம் உள்ள மாடலை எடுங்கள். செலக்டர் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் மட்டும் அடியுங்கள்.

மேடையில் ஊளை வந்தால் மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள், மானிட்டருக்கு நேராக நிற்காதீர்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் எஃப் ஓட்டையில் கறுப்பு ஃபோம் துண்டு செருகலாம். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங்கே எஃப் ஓட்டையில் துணி அடைத்து வாசித்தவர்தான், 1980-ல் அவர் பெயரில் கிப்ஸன் கொண்டுவந்த கிட்டாரில் அந்த ஓட்டையே இல்லை. மைக்கில் உதடு படும்போது சுருக்கென்று இழுத்தால் அது எர்த் இல்லாத லைன். உடனே கேபிளைக் கழற்றி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பை விஷயம்: உடம்பின் அகலம் 16 அங்குலம் வரை வரும், சாதாரண ஸ்ட்ராட் பையில் நுழையாது. பைக்கில் முதுகில் மாட்டிப் போகிறவருக்கும் நெரிசல் ஷேர் ஆட்டோவில் போகிறவருக்கும் ஹார்டு கேஸ் அவசியம். அதன் விலையையும் ஒரு செட்அப் கூலியையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், கடையில் பேரம் பேசும்போது கேஸைக் கேட்டு வாங்கப் பாருங்கள். கேஸுக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும். ஷீட் போட்ட மாடி அறையில் மே மாதம் கிட்டாரை விட்டு வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் கழுத்து ஒட்டிய பசை விட்டுக்கொடுக்கலாம்.