நீரில்லா ஆறும் நான்கு செயலிகளும்: வேலூரில் ஒரு குடும்பத்தின் புதையல் வேட்டை

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் எல்லோருமே நடக்க வேண்டியவர்கள்தான். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 7. மாமனாருக்குச் சர்க்கரை. நான் காலையிலிருந்து மாலைவரை கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறவள். 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் "வாக்கிங் போகலாம்" என்றால் அசைய மாட்டார்கள். "புதையல் தேடப் போகலாம்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள்.

அதனால் மார்கழி தொடங்கி மாசி முடியும்வரை, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான்கு செயலிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தோம். எவ்வளவு தூரம் நடந்தோம், வீட்டுக்கு வந்தபிறகு பிள்ளைகள் எதைப் பற்றிப் பேசினார்கள், நடக்கும்போது அவர்கள் கண் எங்கே இருந்தது என்ற மூன்றையும் கவனித்தேன். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்.

இந்த வகையில் மூத்தது ஜியோகேஷிங்: யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் உதவியோடு தேடுவது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அதுவரை பொதுமக்களின் கருவி 100 மீட்டர்வரை தள்ளிக் காட்டும். பிழை நீங்கிய ஓரிரு நாளில் ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். அங்கே தொடங்கியது இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்களாக வளர்ந்திருக்கிறது. டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப ஒளித்து வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொம்மையை எடுத்தால் அதற்கு ஈடாக இன்னொன்றை வைக்க வேண்டும். நேர்மையை இதைவிட அழகாகப் பிள்ளைகளுக்குப் பழக்க முடியுமா என்று தெரியவில்லை.

யோசனை என்ற அளவில் நான்கிலும் இதுதான் முதலிடம். ஆனால் ஐரோப்பிய நகரம் ஒன்றின் வரைபடத்தை அதில் திறந்தால் அரிசியைக் கொட்டியதுபோலப் புள்ளிகள் தெரியும். நம் பக்கம் அபூர்வம். பிள்ளைகளிடம் ஆசை காட்டுவதற்கு முன் வரைபடத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். நாமே ஒளித்து வைக்கலாமே என்றால், இடத்துக்கு உரியவர் அனுமதி வேண்டும், மண்ணில் புதைக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். காட்பாடி ஜங்ஷன் பக்கம் மூடிய டப்பாவை யாரும் தனியாக விட்டுவிட்டு வரவே கூடாது. ஆகவே இது வெளியூர் போகும்போது.

போக்கிமான் கோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: தெருவில் நடந்து, போன் திரையில் தோன்றும் கற்பனைப் பூச்சிகளைப் பிடிக்கும் விளையாட்டு. 2016 டிசம்பரிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. நடக்க வைப்பதில் இதற்கு ஈடில்லை. 2, 5, 10 கிலோமீட்டர் நடந்தால்தான் பொரியும் முட்டைகள் இருக்கின்றன, வண்டியில் வேகமாகப் போனால் அந்தத் தூரம் கணக்கில் ஏறாது. "இன்னும் 300 மீட்டர்தான் அம்மா" என்று மகன் என் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறான். ஆனால் அவன் கண் திரையில்தான் இருந்தது. விளையாட்டின் அமைப்பே அப்படி. பெரியார் பூங்காவில் நின்றாலும் பெங்களூரில் நின்றாலும் பிடிப்பது ஒரே பூச்சியைத்தான். சாலையில் இறங்கி விளையாட ஏழு வயதுப் பிள்ளையிடம் போனைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். பெரியவர் கையில் போன், மதில் சூழ்ந்த பூங்கா என்றால் சரி.

சீக் எங்களுக்கு எதிர்பாராத வரவு. கண்ட உயிர்களை மக்களே படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் குழுவினர் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. கணக்குத் தொடங்க வேண்டாம், பெயர் கொடுக்க வேண்டாம். செடி, பூச்சி, பறவை எதையாவது கேமராவில் காட்டினால் குடும்பம், பேரினம், இனம் என்று படிப்படியாகக் குறுக்கிக்கொண்டே வரும். உறுதியாகத் தெரியாவிட்டால் பேரினத்தோடு நின்றுவிடும். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பாலாற்றங்கரையில் எருக்கஞ்செடி ஒன்றைக் காட்டினாள் மகள். கலோட்ரோபிஸ் என்றது செயலி. "எருக்குக்கு இப்படி ஒரு பேரா?" என்று கேட்ட மாமனார், பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டுவதைச் சொன்னார், பால் கண்ணில் படக்கூடாது என்றார். அதற்குள் மகன் இலையடியில் ஒரு புழுவைப் பார்த்துவிட்டான். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கிலேயே முட்டையிட்டு எருக்கையே தின்று வளர்வது. அரை மணி நேரம் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். தூரக் கணக்கில் அன்று சீக் தோற்றுப்போனது, மொத்தம் 2 கிலோமீட்டர்கூட நடக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க வீட்டில் அந்தப் புழுவைப் பற்றித்தான் பேச்சு. இதில் இருக்கும் குறை, தமிழ்ப் பெயருக்குப் பெரியவர் யாராவது கூட வர வேண்டும் என்பது. எங்களுக்கு அதுவே நன்மையானது. தாத்தாவுக்கு வேட்டையில் ஒரு வேலை கிடைத்தது.

நான்காவது ஆக்‌ஷன்பவுண்ட், ஜெர்மனியில் உருவானது. இதில் வேட்டையை நாமே கட்டலாம். கணினியில் உட்கார்ந்து இடங்களைக் குறித்து, துப்புகளைத் தமிழிலேயே எழுதலாம். கேள்வி கேட்கலாம், "இதைப் படமெடுத்து வா" என்று பணி கொடுக்கலாம். சொந்த உபயோகத்துக்குக் காசில்லை. முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால் டேட்டா பற்றிய கவலையும் குறைவு. எனக்கு இரண்டு மாலை வேலை வைத்தது.

நம் ஊரைப் பற்றி எல்லோரும் சொல்லும் பழைய பேச்சு ஒன்று உண்டே: அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், மரமில்லா மலை, நீரில்லா ஆறு. அதையே நான்கு துப்புகளாக்கினேன். கோட்டையில், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தார்கள் என்ற கேள்வி. புதுத் தலைப்பாகையும் நெற்றிக்குறி, தாடி மீதான தடையும் என்று விடை கண்டுபிடிக்க அரசு அருங்காட்சியகம்வரை போனார்கள். கோயிலில் யாளித் தூண் ஒன்றைப் படமெடுத்து, அதன் காலடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்புறம் "சாமி எங்கே போயிருந்தார்?" என்ற கேள்வி. ஜலகண்டேஸ்வரர் லிங்கம் நெடுங்காலம் சத்துவாச்சாரியில் இருந்து, 1981-இல்தான் கோட்டைக்குத் திரும்பியது. "நம்ம ஏரியாவிலா?" என்று மகள் கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மலைத் துப்புக்குக் கோட்டைக்குள் நின்று பாறை மலையைப் பார்த்து வரைந்தார்கள். கடைசித் துப்பு பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் ஆறு, இங்கே மணலாகக் கிடக்கிறது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிய வெள்ளத்தை மாமனார் கையை அகல விரித்துக் காட்டினார். அன்றைக்கு நடந்தது 5 கிலோமீட்டருக்கு மேல், ஒருவரும் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. உயரமான மதிலை ஒட்டி நின்றால் ஜிபிஎஸ் தள்ளிக் காட்டும். துப்பை எண்ணை நம்பி எழுதாமல், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும்படி எழுதுங்கள்.

அடுத்து விரிஞ்சிபுரத்துக்கு ஒரு வேட்டை கட்டினோம். மார்க்கபந்தீசுவரர் கோயிலில் நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாக எண்கள் செதுக்கியிருக்கும், மேலே குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. கல் சொல்வதையும் போன் சொல்வதையும் ஒப்பிட வேண்டும் என்பதே துப்பு. நம் நாட்டு நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையைக் கணக்கில் வைத்தது, விரிஞ்சிபுரம் ஏறக்குறைய 79. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் சுமார் 14 நிமிடம் சூரியன் பின்தங்கும், பருவத்துக்கு ஏற்ப அது கூடும் குறையும். மகள் இந்தக் கணக்கைக் கோயில் திண்ணையிலேயே போட்டு முடித்தாள்.

ஆகவே என் வரிசை இதுதான்: எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயது வந்துவிட்டால் ஆக்‌ஷன்பவுண்ட், அதற்குக் கீழே சீக். வேட்டை கட்ட நேரமில்லாத வாரங்களிலும் சீக் போதும். எதற்கும் கிளம்ப மறுக்கும் பிள்ளையை முதல் நாள் வீட்டைவிட்டு வெளியே இழுக்க மட்டும் போக்கிமான். ஜியோகேஷிங்கை வெளியூர்ப் பயணப் பையில் போட்டு வையுங்கள்.

பங்குனி பிறந்துவிட்டால் வேலூர் வெயில் கோட்டைக் கல்லைக் காய்ச்சிவிடும். காலை 6 மணிக்குத் தொடங்கி 8-க்குள் முடித்துவிடுங்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கட்டாயம். அக்னி நட்சத்திரத்தில் வேட்டைக்கு விடுமுறை. அந்த நாட்களில் மகள் வீட்டுக்குள் உட்கார்ந்து தாத்தாவுக்கென்று ஒரு வேட்டை எழுதுகிறாள். முதல் துப்பு தயார்: "நாலு பக்கமும் நான்தான் காவல், ஆனால் கோட்டைக்குள்ளே எனக்கு இடமில்லை. நான் யார்?"