பப்ளிஷ் கொடுத்தாச்சு, ஏன் வரலை?

ஒரு நிறுவனத்தின் திட்டங்களையும் அதில் வேலை செய்கிறவர்களின் நேரத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் மென்பொருள் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் சர்வர். அதைப் பராமரிக்கும் வேலை 2010 பதிப்பில் என் கைக்கு வந்தது. 2013, 2016 என்று ஒவ்வொரு படியாக ஏறி இப்போது 2019இல் நிற்கிறேன். இத்தனை வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி தலைப்பில் இருப்பதுதான்.

கேட்பவர் மேல் தப்பில்லை. பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது என்றுதான் யாருமே நினைப்பார்கள். இந்த சர்வரோ நீங்கள் எதைச் சொன்னாலும் ஒரு சீட்டெழுதி வாங்கி வைத்துக்கொண்டு, தன் வரிசைப்படிதான் செய்யும். திட்டம் போடும் மென்பொருளான ப்ராஜெக்ட் புரொஃபஷனலில் சேவ் கொடுத்தால் மாற்றம் முதலில் உங்கள் கணினியின் லோக்கல் கேஷ் என்ற தற்காலிகக் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து கியூ என்ற அந்த வரிசை வழியாக சர்வரின் டிராஃப்ட் பகுதிக்கு. மற்றவர்களும் பார்ப்பதற்காகப் பப்ளிஷ் கொடுத்தால் டிராஃப்டிலிருந்து பப்ளிஷ்டு பகுதிக்கு இன்னொரு வேலை, அது முடிந்து ரிப்போர்ட்டுகளுக்கான ரிப்போர்ட்டிங் பகுதிக்கு மற்றொன்று. 2010இல் இவை தனித்தனி டேட்டாபேஸ்கள். பழைய நகல்களை வைக்கும் ஆர்கைவையும் சேர்த்தால் நான்கு. 2013இல் நான்கையும் ஒன்றாக்கினார்கள். 2016இலிருந்து அதுவும், ப்ராஜெக்ட் சர்வர் எதன்மேல் ஓடுகிறதோ அந்த ஷேர்பாயின்ட்டின் கன்டென்ட் டேட்டாபேஸுக்குள் போய்விட்டது. பேக்கப் எடுப்பவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் உள்ளே அந்தப் பிரிவினை அப்படியேதான் இருக்கிறது.

அதனால் எந்தப் புகார் வந்தாலும் சீட்டு எந்தப் படியில் நிற்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். மேனேஜர் திரையில் புதுத் தேதி தெரிகிறது, வேறொருவர் அதே திட்டத்தைத் திறந்தால் பழையது என்றால் மாற்றம் இன்னும் கேஷைத் தாண்டவில்லை. இருவருக்கும் புதியது, எல்லாத் திட்டங்களையும் பட்டியலிடும் ப்ராஜெக்ட் சென்டர் வலைப்பக்கத்தில் மட்டும் பழையது என்றால் பப்ளிஷ் ஆகவில்லை. ப்ராஜெக்ட் சென்டர் சரி, எக்ஸெல் ரிப்போர்ட் மட்டும் பொய் சொல்கிறது என்றால் ரிப்போர்ட்டிங் வேலை எங்கோ விழுந்திருக்கிறது. இந்த மூன்று கேள்வியைப் போனிலேயே கேட்டுவிடலாம். பாதி நேரம் சர்வருக்குள் போகவே வேண்டியிருக்காது.

போக வேண்டியிருந்தால், வரிசையில் உள்ள வேலைகளைக் காட்டும் மேனேஜ் கியூ ஜாப்ஸ் பக்கம். அங்கே 'ஃபெயில்டு அண்ட் பிளாக்கிங் கோரிலேஷன்' என்ற நிலையைத் தேடுங்கள். ஒரு வேலை தோற்று, அதே திட்டத்தின் அடுத்த வேலைகளையும் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறது என்று பொருள். மற்ற திட்டங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் "எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வரலை" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். பிழை விவரத்தைத் திறந்தால் 26000 என்ற எண்ணோடு 'ஜெனரல்கியூஜாப்ஃபெயில்டு' என்று இருக்கும். முதல் வருடம் இந்த எண்ணைத் தேடித்தேடியே எனக்குக் கண் பூத்துப்போனது. வேலை தோற்றுவிட்டது என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லாது. அதோடு சேர்ந்து வரும் இன்னொரு எண்தான் விஷயம். 24006 என்றால் ரிப்போர்ட்டிங் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும். திட்டம் பத்திரமாக இருக்கிறது, பதற வேண்டாம்.

பதறினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ஒரு மாத இறுதி. ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர் கூப்பிட்டார்: "சார், ரெண்டு நாள் வேலை, சேவ் ஆகவே மாட்டேங்குது." கியூவில் அவருடைய சேவ் வேலை சிவப்பில் நின்றது. நான் கைவந்த வைத்தியம் மூன்றையும் வரிசையாகச் செய்தேன். வேலையைக் கேன்சல் செய்தேன், அவர் பெயரில் பூட்டியிருந்த திட்டத்தை விடுவிக்க ஃபோர்ஸ் செக்-இன் கொடுத்தேன், "கேஷை க்ளீன் பண்ணிட்டுத் திரும்பத் திறங்க" என்றேன். திறந்தார். திட்டம் அழகாக வந்தது, இரண்டு நாளைக்கு முந்தையது. அவர் மாற்றங்கள் இருந்த ஒரே இடம் அந்தக் கேஷ். அதைத்தான் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம் பார்த்தால் அவர் திட்டத்தில் ஒரு கோளாறும் இல்லை. டிரான்ஸாக்‌ஷன் லாக் பேக்கப் நின்றுபோய், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் அந்த லாக் ஃபைல் ஊதி, டேட்டாபேஸ் இருக்கும் எஸ்க்யூஎல் சர்வரின் டிஸ்க் நிரம்பியிருந்தது. அதே நேரத்தில் மற்றவர்களின் வேலைகளும் தோற்றிருந்தன. நான் அவர் வரியை மட்டும் பார்த்தேன். இப்போதெல்லாம் திரையில் திறந்திருப்பதை மூடாமல் முதலில் தன் கணினியில் எம்பிபி ஃபைலாக, அதாவது தனி நகலாக, சேமிக்கச் சொல்வேன். அது முடிந்தபின்தான் கியூவில் கைவைப்பேன்.

கியூவில் விடை கிடைக்காதபோது, ஷேர்பாயின்ட் தன் நிகழ்வுகளை எழுதி வைக்கும் யுஎல்எஸ் லாக். பிழைத் திரையில் வரும் கோரிலேஷன் ஐடி என்ற அடையாள எண்ணைக் காப்பி செய்து, மெர்ஜ்-எஸ்பிலாக்ஃபைல் கட்டளையில் கொடுத்தால் எல்லா சர்வரின் வரிகளும் ஒரே ஃபைலில் வந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்கள் எப்போதும் அந்த ஐடியைத்தான் வெட்டிவிட்டு அனுப்புவார்கள். ஏனென்று இன்றுவரை புரியவில்லை.

நிறுவனத்தின் பயனர் கணக்குகள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு ப்ராஜெக்ட் சர்வரை ஒத்திசைக்கும் சிங்க் பற்றியும் சொல்ல வேண்டும். ரிசோர்ஸ் பூலோடு, அதாவது ஆட்களின் பட்டியலோடு, இணைத்த குழுவிலிருந்து ஒருவரை எடுத்தால், அடுத்த சிங்கில் அவர் கணக்கு இனாக்டிவ் ஆகிவிடும். ஒரு முறை யாரோ குழுக்களைச் சீரமைக்கிறேன் என்று உள்ளிருந்த துணைக்குழுக்களை எடுத்துவிட்டார். காலையில் ஒரு துறையே உள்ளே நுழைய முடியாமல் நின்றது. 'சிங்கின்போது தென்பட்டால் தானாகத் திரும்ப ஆக்டிவ் செய்' என்ற டிக் முன்பே போட்டிருந்ததால் குழுவைச் சரிசெய்து மறுபடி சிங்க் ஓட்டியதோடு தப்பித்தோம். உங்கள் சர்வரில் அந்த டிக் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இன்னொன்று: ஷேர்பாயின்ட் அனுமதி முறைக்கும் ப்ராஜெக்ட் சர்வர் அனுமதி முறைக்கும் இடையே "சும்மா மாற்றிப் பார்ப்போம்" என்று மாற்றினால் நீங்கள் அமைத்த குழுக்கள், கேட்டகரிகள் எல்லாம் அழிந்துவிடும்.

பேட்ச், அதாவது மைக்ரோசாஃப்ட் தரும் திருத்தங்கள், விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போட்டால் திரும்ப எடுக்க முடியாது. எல்லா சர்வரிலும் போட்டு, கான்ஃபிகரேஷன் விஸார்டையும் ஓட்டி முடிக்க வேண்டும். முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கத் தனி சர்வர்கள் கொண்ட டெஸ்ட் ஃபார்ம் இல்லாமல் போடுகிறவர்களின் துணிச்சல் எனக்கில்லை.

இவ்வளவு புலம்பிவிட்டு இன்னும் ஏன் இதோடு இருக்கிறேன் என்றால், அதற்கும் காரணம் அந்தச் சீட்டு முறைதான். வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் ஒரே நேரத்தில் டைம்ஷீட் அனுப்பும்போது வரிசை நீளுமே தவிர சர்வர் விழுந்து நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் எந்த ஆளுக்கு எத்தனை திட்டத்தில் எத்தனை மணி நேரம் என்று ஒரே இடத்தில் பார்ப்பதற்கு, அதைவிட நன்றாகச் செய்யும் எதையும் நான் இன்னும் பயன்படுத்தியதில்லை.

2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு முடியும் தேதி 2026 ஜூலை 14. கிளவுடில் இருக்கும் ப்ராஜெக்ட் ஆன்லைனும் 2026 செப்டம்பர் 30 அன்று மூடப்படுவதால் அந்தப் பக்கம் போய்ப் பயனில்லை. மிச்சம் இருப்பது ப்ராஜெக்ட் சர்வரின் அடுத்த பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன். 2016, 2019இலிருந்து அதற்கு நேராகப் போகலாம். 2013இல் இருப்பவர்கள் முதலில் 2016க்கு ஏற வேண்டும். போன வாரம் எங்கள் கன்டென்ட் டேட்டாபேஸின் நகலை டெஸ்ட் ஃபார்மில் இணைத்தேன். ஒரு சின்னத் திட்டத்தைத் திறந்து, ஒரு தேதியை மாற்றி, பப்ளிஷ் கொடுத்துவிட்டுக் கியூ பக்கத்துக்குப் போனேன். 'வெயிட்டிங் டு பி ப்ராசஸ்டு' என்றிருந்தது. ரிஃப்ரெஷ் கொடுக்காமல் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.