என்லேப்: கேட்டகரி தியரிக்கான கூட்டுக் கலைக்களஞ்சியம் எப்படி இருக்கிறது?

2008-இல் தொடங்கிய என்லேப் (nLab) என்ற இந்தக் கணித விக்கியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் உள்ளன. கேட்டகரி தியரி (கணிதப் பொருள்களையும் அவற்றை இணைக்கும் 'அம்புகளையும்' ஆராயும் துறை), ஹோமோடோபி தியரி (வடிவங்களைத் தொடர்ச்சியாக உருமாற்றுவது பற்றிய துறை), கணித இயற்பியல் மூன்றையும் ஒரே இடத்தில் கோத்துக் காட்டுவதில் இதற்கு இணை இல்லை என்றே சொல்வேன்.

பக்கங்கள் பெரும்பாலும் 'கருத்து' என்ற பகுதியில் தொடங்கும். முதல்முறை வருபவர் அதை மட்டும் படித்துவிட்டு நேராக எடுத்துக்காட்டுகளுக்குப் போவது நல்லது. நடுவிலுள்ள வரையறை பல சமயம் உயர்பரிமாண மொழியில்தான் இருக்கும். இன்னொரு சிக்கல்: பல பாடநூல்களில் 2-கேட்டகரி (அம்புகளுக்கு இடையிலும் அம்புகள் உள்ள கேட்டகரி) என்றால் ஸ்ட்ரிக்ட், அதாவது விதிகள் அப்படியே சமமாகப் பொருந்தும்; இங்கே பெரும்பாலும் வீக், அதாவது ஐசோமார்ஃபிசம் (மீளத்தக்க அம்பு) அளவில் பொருந்தினால் போதும். இதைக் கவனிக்காவிட்டால் நிரூபணம் நடுவழியில் உடையும்.

எழுதுவது எளிது. மார்க்டவுன், லேடெக் போன்ற குறியீடு, இணைப்புக்கு இரட்டைச் சதுர அடைப்பு, அவ்வளவுதான். பலரும் தவறுவது பன்மையில்: ஒருமைப் பெயரில் பக்கம் இருந்தும், அதில் பன்மைப் பெயர் பதிவாகாவிட்டால், பன்மையில் இணைக்கும்போது கேள்விக்குறியுடன் வெற்று இணைப்பு வரும். மூலப் பக்கத்தின் அடியில், அதே இரட்டை அடைப்புக்குள் ஆச்சரியக்குறியுடன் 'ரீடைரக்ட்ஸ்' கட்டளையும் பன்மைப் பெயரும் சேர்த்தால் சரியாகிவிடும்.

நிரூபணங்களுக்கு இதை நம்பி இருக்க முடியாது. பல பக்கங்கள் அரைகுறை. இயற்கணித வடிவியலுக்கு ஸ்டாக்ஸ் ப்ராஜெக்ட் என்ற இணையப் பாடநூல் மேல்: ஒவ்வொரு லெம்மாவுக்கும் (துணைத் தேற்றம்) எழுத்தும் எண்ணும் கலந்த, நான்கு குறிகள் கொண்ட மாறாத டேக் (அடையாளம்) உண்டு, நிரூபணமும் பெரும்பாலும் முழுமையாக இருக்கும். என்லேப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பதால், மேற்கோள் காட்டும்போது திருத்த எண்ணையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.