ஜனநாயக ரீதியாகவா, ஜனநாயக முறையிலா?

கேரளத்தில் 1957இல் தேர்தலில் வென்று வந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசை மத்திய அரசு 1959இல் கலைத்தது. ‘ஜனநாயக ரீதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த இடத்துக்கு ‘ஜனநாயக முறையில்’தான் பொருத்தம்.

‘ரீதி’ என்ற வடசொல்லுக்கும் முறை, போக்கு என்றே பொருள். தமிழுக்கு வந்தபின் அது இன்னொரு வேலையும் பார்க்கிறது. மனரீதியாக, உடல்ரீதியாக, பொருளாதார ரீதியாக என்கிறோமே, அங்கெல்லாம் ‘அந்த வகையில் பார்த்தால்’ என்றுதான் அர்த்தம். ‘உடல் முறையில் தளர்ந்துவிட்டார்’ என்று யாராவது சொல்வார்களா? ‘அந்த நாடு பொருளாதார ரீதியாக வளர்ந்தது, ஜனநாயக ரீதியாகப் பின்தங்கியது’ என்பது நல்ல வாக்கியம். அதில் ‘முறையில்’ போட்டால், ஓட்டுப்போட்டுப் பின்தங்கியதுபோல் ஆகிவிடும்! ஒரு காரியம் எப்படி நடந்தது என்று சொல்லத்தான் ‘முறையில்’. ‘முறைப்படி’ என்றால் இன்னும் கறார். விதிமுறை வாசனை அடிக்கும்.

‘ஜனநாயகப்பூர்வமாக’ வேறு ரகம். கேரள அரசைக் கலைத்தது அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவைக் கொண்டு. ஆகவே ‘சட்டப்பூர்வமாக’ என்று வாதாடலாம். ‘ஜனநாயகப்பூர்வமாக’ என்று சொல்ல எனக்கு நா எழாது. நடைமுறையைத் தாண்டி உணர்வையும் கேட்கிற சொல் அது. எதிர்த்துப் பேச எழுந்தவரை உட்காரவைத்துவிட்டுக் கை தூக்கச் சொன்ன கூட்டம், ஜனநாயக முறையில் முடிவெடுத்ததாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். ஜனநாயகப்பூர்வமாக எடுத்தது என்று எழுத முடியாது.

தனித்தமிழ் விரும்புகிறவர்களுக்கு ‘மக்களாட்சி முறையில்’ இருக்கிறது. அரசு, தேர்தல் பற்றிய பேச்சில் அது கம்பீரமாக நிற்கும். ஆனால் ‘எந்தப் படம் பார்ப்பது என்று நண்பர்கள் மக்களாட்சி முறையில் முடிவெடுத்தார்கள்’ என்றால், அமைச்சரவையே அமைத்துவிட்டார்களோ என்று தோன்றும். ‘ஆட்சி’ உள்ளே உட்கார்ந்திருப்பதன் வினை. இலங்கையில் ‘சனநாயக’ என்று எழுதுவார்கள், எழுத்துதான் வேறு.

வெறும் ‘ஜனநாயகமாக’ எழுத்தில் ஒட்டுவதில்லை. பேச்சில் மட்டும், ‘ஜனநாயகமா முடிவு பண்ணலாம்’ என்று வரும், பெரும்பாலும் முன்பே முடிவெடுத்துவிட்டவர் வாயிலிருந்து.