38,500 ரூபாய் ‘காம்போ’: மெக்கானிக் ஷெட் சாமான் வாங்கப்போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

“உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது” என்று இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. எதைத் தீர்த்தார்கள்? காற்றை அழுத்தி டேங்கில் அடைக்கும் கம்ப்ரஸர் மூலையில் கிடக்கிறது. காரைத் தூக்கும் ஜாக் அதன் பக்கத்தில் கிடக்கிறது. என் 38,500 ரூபாய் அவர்களிடம் இருக்கிறது. தீர்ந்துபோனது என் பொறுமை ஒன்றுதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். புதிதாக ஷெட் போடுகிறவர்கள், வீட்டு வாசலிலேயே சொந்தக் காரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கருவி வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் படியுங்கள். மலிவுச் சாமானில் எது தேறும், எது தேறாது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரையோ செயலியின் பெயரையோ எழுதவில்லை. வழக்குப் போடும் எண்ணம் இருப்பதால் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிற மாதிரியான ஒரு பெரிய விற்பனைச் செயலி. அதில் வெளியூர்க் கிடங்கிலிருந்து கருவிகள் விற்கும் ஒரு விற்பனையாளர். இந்த அடையாளம் போதும்.

என் தம்பி அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படித்து, பாடியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கை பழகியவன். கொளத்தூர் இரட்டை ஏரிப் பக்கம் சின்னதாக ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தான். கை ஸ்பானர்கள் அவனிடமே இருந்தன. பெரிய சாமான்களுக்கு நான் கட்டிவந்த சீட்டை எடுத்துக் கொடுத்தேன். முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் பாரிமுனையிலும் விசாரித்தோம். நல்ல கம்ப்ரஸர் ஒன்றுக்கே எங்கள் கையிருப்பில் பாதிக்கு மேல் போய்விடும் போலிருந்தது. அந்த நேரத்தில்தான் செயலியில் இந்த ‘காம்போ’ கண்ணில் பட்டது: 50 லிட்டர் டேங்குடன் 3 எச்.பி. (குதிரைத்திறன்) கம்ப்ரஸர், அந்தக் காற்றில் ஓடி நட்டைக் கழற்றும் அரை இஞ்ச் இம்பாக்ட் கன், 3 டன் டிராலி ஜாக், தூக்கிய காருக்கு முட்டுக் கொடுக்கும் ஜாக் ஸ்டாண்டு இரண்டு, 108 உருப்படி பாக்ஸ் ஸ்பானர் செட், குறித்த அளவுக்கு இறுக்கியதும் ‘கிளிக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்ச். எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய். நட்சத்திரங்கள் நான்குக்கு மேல்.

நான் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். விசாரிக்காமல் பணம் கட்டும் பழக்கம் எனக்கு இல்லை. விற்பனையாளரிடம் கேள்வி கேட்கும் வசதி அந்தச் செயலியில் உண்டு; கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. நல்ல தமிழ், பணிவான குரல். வீடியோவில் கிடங்கைச் சுற்றிக் காட்டினான். வரிசையாகச் சிவப்பு டேங்குகள். ஒன்றை ஓட விட்டு, வால்வைத் திறந்து, காற்று சீறுவதைக் கேட்க வைத்தான். ஜி.எஸ்.டி. பில் தருவேன் என்றான். முதலில் ‘மேடம்’ என்றவன், தம்பிக்காக வாங்குகிறேன் என்று தெரிந்ததும் ‘அக்கா’ என்றான்.

“அக்கா, தொழில் தொடங்குகிற பையனின் வயிற்றில் அடிப்பேனா? ஒரு வருடம் வாரண்டி. ஏதாவது ஒன்று என்றால் நேராக எனக்கு அடியுங்கள். நடுவில் யாரும் வேண்டாம்.”

ஷெட்டுக்கு இன்னும் மின் இணைப்பு வரவில்லை, விண்ணப்பித்துக் காத்திருக்கிறோம் என்று சொன்னேன். அதற்கு அவன் சொன்ன பதிலை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். “அவசரமே இல்லை அக்கா. பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள். கரண்ட் வந்த பிறகு நல்ல நாள் பார்த்து ஓட்டுங்கள். நீங்கள் ஸ்விட்ச் போடுகிற நாளிலிருந்துதான் வாரண்டியே ஆரம்பம்.” எவ்வளவு பெரிய மனசு! பொருள் வீட்டுக்கு வந்த 7 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்பது செயலியின் விதி. அந்த 7 நாளைப் பேச்சாலேயே தின்றுவிடும் வித்தை அது என்பது ஸ்விட்ச் போட்ட பிறகுதான் விளங்கியது.

மின் இணைப்பு வந்தது. கம்ப்ரஸரை ஓட விட்டோம். டேங்க் நிறைய ஏறக்குறைய ஒரு சாப்பாட்டு நேரம் ஆனது. தம்பி கன்னை எடுத்து ஒரு மாருதி காரின் வீல் நட்டில் வைத்தான். கன் முனகியது, நட்டு அசையவில்லை. அரை இஞ்ச் கன் ஒழுங்காக வேலை செய்ய 90 பி.எஸ்.ஐ. அளவில் காற்றழுத்தம் நிலைத்து நிற்க வேண்டும். இங்கே விசையை அழுத்திய உடனே அழுத்தம் காட்டும் முள் சரிந்தது. மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்து, நிற்காமல் ஓடி, கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகித் தானாக நின்றது. நட்டைக் கடைசியில் வீல் ஸ்பானரை மிதித்துத்தான் கழற்றினான்.

வில்லிவாக்கத்தில் மோட்டார் வைண்டிங் (உள்ளே கம்பி சுற்றும் வேலை) செய்யும் ஒரு பெரியவரை அழைத்துவந்தோம். அவர் மோட்டாரைத் திறக்கும் முன்பே பிளக்கைப் பார்த்துச் சிரித்தார். சாதாரண 6 ஆம்பியர் பிளக். “3 எச்.பி. மோட்டாருக்கு இந்தப் பிளக்கா அம்மா?” என்றார். ஒரு எச்.பி. என்பது 746 வாட். மூன்று எச்.பி. என்றால் 2,238 வாட். நம் வீட்டு 230 வோல்ட்டில் அதற்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் வேண்டும். மோட்டாரில் வீணாகும் சக்தியையும் சேர்த்தால் இன்னும் கூடும். 6 ஆம்பியர் பிளக்கில் 1,380 வாட்டுக்கு மேல் எடுக்கவே கூடாது. வயரில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டிக் காட்டினார்: 5 ஆம்பியர் அளவில் நின்றது. ஒன்றரை எச்.பி.கூடத் தேறாது. 3 எச்.பி. என்பது மோட்டாரில் இல்லை, மோட்டார்மேல் ஒட்டிய ஸ்டிக்கரில்தான் இருந்தது. உள்ளே காப்பர் வைண்டிங் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் அலுமினியம். பல வருடம் கணக்குப் பார்த்த எனக்கு ஒரு பெருக்கல் கணக்கில் பிடிபடும் பொய்யை இவ்வளவு பெரிய செயலி எப்படிப் பட்டியலில் விட்டுவைத்திருக்கிறது?

அடுத்து பாக்ஸ் ஸ்பானர். பெட்டியில் ‘குரோம் வனேடியம்’, அதாவது உறுதியான எஃகு, என்று பொறித்திருந்தது. பளபளப்புக்குக் குறைவில்லை. 19 மி.மீ. பாக்ஸைப் போட்டுத் தம்பி கையால் திருகியபோதே அதன் வாய் விரிந்து நட்டின் முனைகளை மழுக்கிவிட்டது. வாடிக்கையாளருக்கு நட்டை வாங்கிப் போட்டது நாங்கள். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. பளபளக்கும் குரோம் பாக்ஸ்களை இம்பாக்ட் கன்னில் மாட்டவே கூடாது. கன்னின் அடியில் அவை வெடித்துச் சிதறலாம். அதற்கென்று கறுப்பு நிறத்தில் தடித்த சுவருடன் தனி பாக்ஸ் வருகிறது. இந்தக் காம்போவில் கன் இருக்கிறது, கறுப்பு பாக்ஸ் ஒன்றுகூட இல்லை. விளம்பரப் படத்தில் குரோம் பாக்ஸை மாட்டியே கன்னைக் காட்டியிருக்கிறார்கள். யார் கண் போனால் இவர்களுக்கு என்ன?

டார்க் ரெஞ்ச் எந்த அளவிலும் ‘கிளிக்’ என்று சொல்லவில்லை. அதை விடுங்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது ஜாக். ஒரு ஹேட்ச்பேக் காரின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தம்பி டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது கார் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியிருந்தது. சீல் வழியாக எண்ணெய் கசிந்து, அழுத்தம் குறைந்து, கார் அசைவே தெரியாமல் கீழே வந்துகொண்டிருந்திருக்கிறது. 3 டன் என்று எழுதிய ஜாக்கால் ஒரு டன்கூட வராத காரின் முன்பாதியைத் தாங்க முடியவில்லை. அவன் அடியில் படுத்திருந்தால்? ஜாக் ஸ்டாண்டுகளின் வெல்டிங் ஓர் இடத்தில் மொத்தை, ஓர் இடத்தில் பொத்தல். அவற்றை அவன் தொடுவதே இல்லை. பாடியில் இவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் சொன்னபடி, கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் தள்ளிவைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறான். அமெரிக்காவிலேயே 2020இல் மலிவு ஜாக் ஸ்டாண்டுகள் 17 லட்சம் அளவில் திரும்பப் பெறப்பட்டன. பல் சரியாகக் கவ்வாமல் சட்டென்று இறங்கிவிடும் என்பது காரணம். மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றில் வெல்டிங் கோளாறு என்று அவற்றையும் திரும்பக் கேட்டார்கள். அங்கே திரும்பக் கேட்கவாவது செய்கிறார்கள்.

இனி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ‘நேராக எனக்கு அடியுங்கள்’ என்றானே, அடித்தேன். முதலில், “உங்கள் ஏரியாவில் வோல்டேஜ் குறைவாக இருக்கும் அக்கா.” வோல்ட் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்து, “ஆயில் சரியாக ஊற்றியிருக்க மாட்டார்கள்.” அதற்கும் படம். “வீடியோ வேண்டும்.” அனுப்பினேன். “வீடியோவில் சீரியல் எண் தெரியவில்லை.” சீரியல் எண் என்று எதுவும் அந்த மோட்டாரில் இல்லை, இருந்தால்தானே தெரியும்! பிறகு டெக்னீஷியன் கோயம்புத்தூரில் இருப்பதாகவும், சென்னைக்கு வரும்போது வருவார் என்றும் சொன்னான். அதன் பிறகு, கம்ப்ரஸரை எங்கள் செலவில் லாரியில் ஏற்றி அனுப்பச் சொன்னான். எந்த முகவரிக்கு என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. ‘அக்கா’ மறுபடி ‘மேடம்’ ஆனது. பிறகு எண்ணே எடுபடவில்லை. தம்பியின் எண்ணிலிருந்து கூப்பிட்டால், “ராங் நம்பர்” என்று அதே குரல் சொல்கிறது.

செயலிக்காரர்கள் இன்னும் மரியாதையானவர்கள். “உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனம் வருந்துகிறோம்” என்பார்கள். அடுத்த வரியில், மாற்றிக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது என்பார்கள். வாரண்டி என்றால் விற்பனையாளரைக் கேளுங்கள் என்பார்கள். விற்பனையாளர் எடுக்கவில்லை என்றால் புதிய புகார் எண் கொடுத்துப் பழைய புகாரை மூடுவார்கள். ஒவ்வொரு முறையும் புதிய ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. நான் எழுதிய விமர்சனம் ‘விதிமுறைக்கு முரணானது’ என்று நீக்கப்பட்டது. அந்த நான்கு நட்சத்திரம் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா? 38,500 ரூபாயைக் கட்டும்போது மட்டும் ஒரு விதியும் குறுக்கே வரவில்லை.

“இணையத்தில் வாங்கினால் இப்படித்தான்” என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது என்ன நியாயம்? பில் இருக்கிறது, கட்டிய பணத்துக்கு ஆதாரம் இருக்கிறது, எழுத்தில் 3 எச்.பி. என்று இருக்கிறது. பொய் சொன்னவனை விட்டுவிட்டு வாங்கியவளை ஏன் கேட்கிறீர்கள்?

சட்டத்தில் இடம் இருக்கிறது. மின்வணிகத்துக்கான 2020 நுகர்வோர் விதிகளின்படி, இப்படிப்பட்ட செயலிகளில் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘தீர்த்தோம்’ என்று மின்னஞ்சல் அனுப்புவது தீர்ப்பதாகாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 38,500 ரூபாய்க்காக இவள் எங்கே அலையப்போகிறாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அலைவேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பத்தில் எழுதினேன். இப்போது மணி பன்னிரண்டு, காலையில் வேலைக்குப் போக வேண்டும், கோபத்தில் கை வேறு நடுங்குகிறது. அவசரமாகச் சில வரிகள்.

சுத்தியல், அரம், எண்ணெய் பிடிக்கும் தட்டு, அடியில் படுத்து உருளும் பலகை போன்றவற்றை மலிவாக வாங்குங்கள், ஒன்றும் குடி முழுகாது. பாரம் தாங்குவது, காற்றை அடைத்துவைப்பது, மின்சாரத்தில் ஓடுவது மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய கடையில் வாங்குங்கள். ஜாக் வாங்கினால் அன்றைக்கே காரைத் தூக்கி, உயரத்தைச் சாக்பீஸால் குறித்து, ராத்திரி முழுவதும் விட்டுவிடுங்கள். அடியில் சக்கரமோ மரக்கட்டையோ இருக்கட்டும், ஆள் இருக்க வேண்டாம். கம்ப்ரஸர் என்றால் பிளக்கைப் பாருங்கள், எச்.பி.யை 746ஆல் பெருக்கி, வருகிற வாட்டை அந்தப் பிளக் தாங்குமா என்று பாருங்கள். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முழு முகவரி இல்லையென்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள். வாரண்டியை அப்புறம் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஸ்பானர் செட்டில் உருப்படி எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 108இல் என் தம்பி தினமும் தொடுவது பத்துப் பன்னிரண்டுதான். “மெதுவாகப் பிரியுங்கள்” என்று எவன் சொன்னாலும், பார்சல் வந்த அன்றே பிரித்து, வேலை கொடுத்து ஓட்டிப் பாருங்கள். மின் இணைப்பு இல்லையென்றால் பக்கத்து ஷெட்டில் கெஞ்சியாவது ஓட்டுங்கள்.

சிவப்பு டேங்க், மஞ்சள் ‘3 எச்.பி.’ ஸ்டிக்கர், கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியில் 108 ஸ்பானர். சற்று முன் செயலியைத் திறந்து பார்த்தேன். அதே காம்போ இன்னும் விற்பனையில் இருக்கிறது. விலையை 36,900 ஆகக் குறைத்து, ‘சில மட்டுமே மீதம்’ என்று போட்டிருக்கிறார்கள். வாங்காதீர்கள்.