வயலின் பெட்டியைத் திறக்கச் சொன்னவர்கள்: இசையில் முனைவர் பட்டத்துக்கு எங்கே போவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கடல் கடந்து வயலினைத் தூக்கிக்கொண்டு போனேன். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கான நேர்காணல். அதற்கென்றே மூன்று மாதம் தோடி ராக ஆலாபனையும், ஒரே பாட்டு வரியை விதவிதமாக விரித்து வாசிக்கும் நிரவலும் பழகியிருந்தேன். அறையில் இருந்த நால்வரும் அன்பாகத்தான் பேசினார்கள். தலைப்பைக் கேட்டார்கள். அதில் முன்பு யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். தரவுகளை எப்படித் திரட்டப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லவே இல்லை. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு அழுதேன்.

எட்டு மாதம் கழித்து மலேசியாவில், காலை ரயிலில் போய் மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில், இன்னொரு நேர்காணல். பட்ட அனுபவத்தால் இம்முறை வயலினை வீட்டிலேயே வைத்துவிட்டு, முப்பது பக்க ஆய்வு முன்மொழிவோடு போனேன். "முதலில் ஏதாவது வாசித்துக் காட்டுங்கள்" என்றார்கள். வேறு வழியில்லாமல் பாடினேன். தோடி வாய்க்கு வரவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் மார்கழி விடியற்காலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளைச் சுற்றிப் பாடிவந்த பஜனைதான் வந்தது. முடித்ததும் அங்கிருந்த பேராசிரியர் மலாய் மொழியில் கேட்டார்: "இதை யார் பாடுவார்கள்? எத்தனை மணிக்கு? முன்னால் நடப்பவர் யார்?"

நான் கொண்டுபோன முப்பது பக்கமும் அந்த மூன்று கேள்விக்கு முன்னால் பயனற்றுப் போயின. இன்று என் ஆய்வு அந்தப் பஜனையைப் பற்றியது.

இசையில் முனைவர் பட்டம் என்று நம் ஊரில் ஒரே சொல்லால் சொல்கிறோம். அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று படிப்புகள் இருக்கின்றன. சேர்க்கையின்போது என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே, அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் நம்மை யாராக ஆக்கப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். எனக்கு அதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. இரண்டு வழிகளில் நானே நடந்தேன். மூன்றாவதை என் மாணவியின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆகவே மூன்றைப் பற்றியும் ஒரே அளவு சொல்ல என்னால் முடியாது.

தமிழ்நாடு: எழுத்துத் தேர்வின் வாசல்

என் பெட்டியைத் திறக்கச் சொல்லாததற்கு அந்த நால்வர் காரணமல்ல, விதி காரணம். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு நெட் போன்ற தேசியத் தகுதித் தேர்வோ, பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வோ வேண்டும். நுழைவுத் தேர்வில் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியல், மறுபாதி பாடம். எழுத்துக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் இருக்க வேண்டும். வேதியியலுக்கும் வரலாற்றுக்கும் எழுதப்பட்ட அதே விதிதான் இசைக்கும். வில் பிடிக்கும் கைக்கு அதில் தனி மதிப்பெண் கிடையாது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. ஒவ்வொரு நெறியாளரும் தம் வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் இரண்டு பன்னாட்டு ஆய்வாளர்களை எடுத்துக்கொள்ளலாம். "இடம் காலியில்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாமல் இதைச் சொல்லிக் கேளுங்கள். படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, வழக்கமான உச்சவரம்பு 6 ஆண்டு. பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டும், மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரையும் உண்டு. கைக்குழந்தையோடு இருக்கும் ஆசிரியைகள் பலருக்கு இது தெரிவதில்லை.

இந்தியக் கலாசார உறவுகள் மன்றத்தின் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணமும் மாதப் படியும் வந்துவிடும். அங்கே இறங்கிய பிறகு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போனவர்கள் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். மறந்தால் அலைச்சல்.

இந்த வழியின் செல்வம் வேறு எங்கும் கிடைக்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வி 1932இல் தொடங்கியது. பேராசிரியர் சாம்பமூர்த்தி பாடத்திட்டத்துக்கே முதுகெலும்பு அமைத்த இடம் அது. சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் 1929இல் தொடங்கிய இசைக் கல்லூரியிலிருந்துதான் தமிழிசை இயக்கத்தின் குரல் வலுத்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைத் தமிழிலேயே எழுதலாம். பண்களைப் பற்றியோ, ஓலைச்சுவடிகளில் உள்ள சுரக்குறிப்பைப் பற்றியோ, கர்நாடக இசை மும்மூர்த்திகளுக்கு முந்தைய தமிழ்ப் பாடல்களைப் பற்றியோ கேள்வி வைத்திருப்பவர் வேறு எங்கும் போகக்கூடாது. சுவடி அங்கே இருக்கும்போது நாம் ஈப்போவில் உட்கார்ந்து என்ன செய்வது?

மலேசியா: மேற்பார்வையாளரின் வாசல்

இங்கே பொது நுழைவுத் தேர்வு எதுவும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலைப் புலம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் இசைத் துறை, பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளி, தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இசைப் புலம் ஆகியவற்றில் எதை எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்களை மேற்பார்வையிட ஒருவர் ஒப்புக்கொண்டாரா? பெரும்பாலும் முனைவர் பட்டம் முழுக்க ஆய்வு வழியில் நடக்கிறது. ஆய்வேட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும்.

இந்த வழியை நம்மவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் ஆற்றாமை. "கர்நாடக இசை தெரிந்தவர் அங்கே யார் இருக்கிறார்?" என்று கேட்கிறார்கள். உண்மைதான், நிரவலில் நான் தடுமாறினால் என் மேற்பார்வையாளரால் பிடிக்க முடியாது. அவர் படித்தது மலாய் நாட்டார் இசை. ஆனால் பாட்டு எங்கிருந்து யார் வாயில் எப்படி நகர்கிறது என்று கேட்க அவருக்குத் தெரியும். என் குருநாதர் இருபது ஆண்டில் கேட்காத கேள்விகள் அவை. குருநாதருக்குப் பஜனை என்பது இசையின் அடிவாரம். மலைமேல் ஏறியவர் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தார். எனக்கோ அம்மா விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பெயர் கொடுக்க, போகும் முன் கேட்ட பாட்டு அது.

லயம் என்ற சொல் எங்களுக்கு முதலில் வீட்டைக் குறித்தது. பத்து வீடு ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் தோட்டக் குடியிருப்பு. தாளத்தின் ஓட்டத்தையும் லயம் என்று சொல்வார்கள் என்பது பாட்டு வகுப்பில்தான் தெரிந்தது. ஹார்மோனியப் பெட்டியைத் துண்டால் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒருவர் நடக்க, சிப்ளாக்கட்டையோடு பிள்ளைகள் பின்னால் போக, ஒவ்வொரு வாசலிலும் விளக்கு எரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். சுங்கை சிப்புட் என்றால் 1948 ஜூன் 16இல் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதும் மலாயாவில் அவசரகாலம் பிறந்ததும் வரலாற்று நூல்களில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் ஊரடங்குக்கு நடுவே மார்கழிப் பஜனை எப்படி நடந்தது என்பது எங்கள் பாட்டிமார்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆய்வைச் சென்னையில் இருந்துகொண்டு செய்ய முடியாது. உறுமி மேளம், தோட்டத்துக் கோயில் நாதஸ்வரம், இழவு வீட்டுத் தப்பு மேளம் ஆகியவற்றை ஆராய விரும்புபவருக்கும் இதே பதில்தான்.

பணம் என்று பார்த்தால், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது கல்வி அமைச்சின் ஹாடியா லத்திஹான் பெர்செகுத்துவான் உதவித்தொகை. அது கிடைக்காவிட்டால் பகுதி நேரம்தான். வேலையை விடாமல் படிக்கலாம், ஆனால் சனி ஞாயிறு இரண்டும் போய்விடும். என் கணவர் இரண்டு ஆண்டாக ஞாயிற்றுக்கிழமைச் சமையலை ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதையும் உதவித்தொகைக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள், அந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று மலேசியத் தகுதி முகமையிடம் புறப்படுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டத்தோடு திரும்பி வந்து கேட்டால் காலம் கடந்திருக்கும்.

அமெரிக்கா: ஒலிப்பதிவின் வாசல்

என் மாணவியின் தந்தை செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவள் என்னிடம் கர்நாடக வயலின் தொடங்கி, பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய வயலினுக்கு மாறினாள். அவள் விண்ணப்பித்தது இசைக்கலை முனைவர் பட்டம். மேடைக் கலைஞருக்கானது. ஆய்வுக்கான முனைவர் பட்டம் அங்கே தனியாக இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான படிவத்தை நிரப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேடைக் கலைஞர் பட்டத்துக்கு விண்ணப்பத்தின் கடைசி நாள் பல இடங்களில் டிசம்பர் தொடக்கம். முதற்கட்டக் காணொளியும் அதற்குள் போக வேண்டும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் தனி வயலின் படைப்பிலிருந்து மாறுபட்ட இரு பகுதிகள், வாத்தியக் குழுவோடு தனிக் கலைஞர் வாசிக்கும் கன்செர்ட்டோ ஒன்றின் முதல் பகுதி, இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்று என்பது அவளிடம் கேட்கப்பட்ட பட்டியல். ஒரு பகுதிக்கு நடுவில் வெட்டி ஒட்டக்கூடாது. முகமும் இரு கைகளும் தெரிய வேண்டும். தேர்ந்தால் ஜனவரி, பிப்ரவரியில் நேரடித் தேர்வு. போக முடியாத வெளிநாட்டவருக்குச் சில இடங்களில் மறு ஒலிப்பதிவை ஏற்கிறார்கள்.

நவம்பரில் எங்கள் ஊரில் வெட்டாத ஒலிப்பதிவு எடுப்பது என்ன பாடு என்று அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்குத் தெரியாது. தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை தொடங்கினால் பாக் காணாமல் போவார். சனிக்கிழமை காலை ஏழரைக்குத் தொடங்கினால் எட்டே காலுக்குப் புல்வெட்டும் இயந்திரம் வரும். ஆறு வாரம் முயன்று, ஒரு வெள்ளி இரவு பதினொன்றுக்கு மேல், தவளைச் சத்தத்தைக் கதவோரம் சாத்திய மெத்தைகளால் தடுத்து எடுத்தோம். அதில் அவள் வாசித்த மெதுவான பகுதியைப் போல நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. அவளுடைய அப்பா வெளியே லோரிக்குள் உட்கார்ந்து, வண்டிகள் வராமல் வழி பார்த்துக்கொண்டிருந்தார்.

இணையவழி நேர்காணலும் எங்களுக்கு இரவில்தான். ஜனவரியில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை பத்து என்றால் இங்கே இரவு பதினொன்று. உதவித்தொகைக் கடிதம் வந்ததும் பயந்து உடனே கையெழுத்துப் போட வேண்டாம். அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் தர ஒப்புக்கொண்டுள்ளன. மேடைக் கலைஞர் பட்டத்தில் பலருக்கும் கட்டணத்தின் ஒரு பகுதிதான் குறைகிறது. ஆய்வுப் பட்டத்தில் கட்டணத் தள்ளுபடியும் மாதப் படியும் சேர்ந்து கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கர்நாடக இசைக்காரர் அமெரிக்கா போக நினைத்தால் பார்க்க வேண்டியது, இசையை அதைப் பாடும் மக்களின் வாழ்வோடு சேர்த்து ஆராயும் இனவிசையியல் ஆய்வுப் பட்டத்தைத்தான். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய இசை 1960களிலிருந்தே கற்பிக்கப்படுகிறது. புல்லாங்குழல் மேதை டி. விஸ்வநாதன் அங்கே கற்பித்தார், முனைவர் பட்டமும் பெற்றார். எஸ். ராமநாதன் சிலப்பதிகாரத்தில் உள்ள இசையை ஆராய்ந்து பட்டம் பெற்றதும் அங்கேதான். அந்த வாசலில் கேட்பது உங்கள் எழுத்து மாதிரியை. இருபது பக்கம் தெளிவாக எழுதியிருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள்.

யார் எங்கே

வாசிப்பில் மேலும் வளர வேண்டும் என்பதற்காக இந்தியாவிலோ மலேசியாவிலோ முனைவர் பட்டத்தில் சேராதீர்கள். வில்லைத் தொடாமல் மாதங்கள் போகும். நான் என் குருநாதரிடம் பள்ளி விடுமுறையில் போய் உட்கார்கிறேன். ஆய்வு அந்தத் தாகத்தைத் தீர்க்கவில்லை. மேற்கத்திய இசையில் மேடைதான் வாழ்க்கை என்பவருக்கு அமெரிக்கா, கடன் இல்லாமல் போக முடிந்தால் மட்டும். ஏட்டிலும் பண்ணிலும் கேள்வி உள்ளவருக்குத் தமிழ்நாடு. நம் மண்ணில் கேட்ட பாட்டைப் பற்றிக் கேள்வி இருப்பவர் இங்கேயே இருக்க வேண்டும். என் மாணவி அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தாள். அவளுக்கு அதுவே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

எங்கே விண்ணப்பித்தாலும் படிவத்துக்கு முன்னால், நம்மை மேற்பார்வையிடக்கூடிய பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு பேருக்கு எழுதினேன். பதினொருவருக்கு நீளமாக எழுதினேன், ஒருவரும் பதில் எழுதவில்லை. பன்னிரண்டாமவருக்கு மட்டும், அலுத்துப்போய், ஐந்தே வரி எழுதியிருந்தேன்: நான் யார், எந்த ஊர், என்ன வாசிக்கிறேன், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தேன், அதில் எது எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருக்கும்போது பதில் வந்துவிட்டது. புரியாத இடத்தை விளக்கிவிட்டு, எப்போது நேரில் வர முடியும் என்று கேட்டிருந்தார்.