சாமுவேலா, ஜோஷ்வாவா?

பையனுக்கு வேதாகமப் பெயர்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. கடைசிவரை தாக்குப்பிடித்தவை இரண்டு: ஜோஷ்வா, சாமுவேல். நாங்கள் சாமுவேல் என்று வைத்தோம், அதனால் இங்கே நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டும் எபிரேயப் பெயர்கள், இரண்டும் பழைய ஏற்பாட்டுத் தலைவர்களுடையவை. சண்டே ஸ்கூல் போனவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

பொருளில் ஜோஷ்வா முந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். எபிரேயத்தில் யெகோஷுவா, அதாவது கர்த்தர் இரட்சிக்கிறார். அதன் சுருங்கிய வடிவமான யேஷுவாதான் கிரேக்கம் வழியாக வந்து நம்மிடம் இயேசு ஆனது. வேதாகமத்து ஜோஷ்வாவுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் அதுவல்ல. ஓசேயா என்றிருந்ததை யோசுவா என்று மாற்றியவர் மோசே (எண்ணாகமம் 13:16). அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் முதல் பத்துக்குள் இருந்த பெயர், இப்போது அங்கே இறங்கிவிட்டது. எங்கள் சபையில் இறங்கியதாகத் தெரியவில்லை, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது 'ஜோஷ்வா' என்று கூப்பிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட தலைகள் திரும்பும்.

சாமுவேலுக்குப் பொருள் சொல்வதில்தான் ஒரு சிக்கல். கர்த்தரிடத்தில் கேட்டுப் பெற்றதால் இந்தப் பெயர் என்று அவன் தாய் அன்னாள் சொல்கிறாள் (1 சாமுவேல் 1:20). ஆனால் 'கேட்பது' என்ற அந்த எபிரேய வினையோடு நேராகப் பொருந்துவது இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் பெயர்; சாமுவேலுக்கு 'தேவனின் நாமம்' என்பதுபோல் ஒரு பொருளைத்தான் அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பிள்ளைக்காக ஜெபித்துக் காத்திருந்த வீட்டில் இந்த வாதம் எடுபடாது, எங்கள் வீட்டிலும் அன்னாள்தான் ஜெயித்தாள். (அந்த சாமுவேலின் மகன்கள் இரண்டு பேரும் லஞ்சம் வாங்கினார்கள் என்பதை மட்டும் பேர்சூட்டு விழாவில் யாரும் நினைவூட்டவில்லை.)

தமிழோடு இந்தப் பெயருக்கு நல்ல உறவு உண்டு. 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீன் ஒரு சாமுவேல். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியாவின் 'எஸ்' சாமுவேல்தான். அதோடு கடைசியில் 'வேல்' வந்து நிற்பதாலோ என்னவோ, சபைக்கு வெளியே இருப்பவர்களும் தயங்காமல் கூப்பிடுகிறார்கள்.

சரி, முடிவைத் தீர்மானித்தது இது எதுவுமில்லை. இன்ஷியல்!

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. இன்று நான் வைக்கிற பெயரின் முதல் எழுத்து நாளைக்கு என் பேரப்பிள்ளைகளின் இன்ஷியல், அதையும் தமிழிலேயே எழுதச் சொல்கிறது தமிழ்நாடு அரசு. இப்போது ஜோஷ்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். வேதாகமத்தில் யோசுவா. பாட்டி வாயில் ஜோசுவா. பள்ளியில் ஜோஷ்வா, அப்புறம் ஜோஷுவா என்று இன்னொன்று. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஐயர் (சபைப் போதகர்) யோசுவா என்று எழுதுவார், பிறப்புச் சான்றிதழில் ஜோஷ்வா இருக்கும், ஆதாரில் கம்ப்யூட்டர் எதைத் தருகிறதோ அது. அடுத்த தலைமுறையில் அண்ணனுக்கு 'யோ', தம்பிக்கு 'ஜோ' என்று ஆகிவிட்டால், இருவரும் ஒரே அப்பாவின் பிள்ளைகள்தான் என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் வாரிசுச் சான்றிதழ் கேட்டு நிற்கிற நேரத்தில். பெரியவர்களான பிறகு பெயரைத் திருத்த வேண்டுமென்றால் அரசிதழ் வரைக்கும் போக வேண்டும்.

சாமுவேலை யார் எப்படி எழுதினாலும் பெரும்பாலும் 'சா'தான். சாமுவல், சாம்வேல் என்று வால் மாறலாம், தலை மாறாது. வீட்டில் சுருக்கிக் கூப்பிட்டாலும் சாம்.

ஆங்கிலத்தில் கதை தலைகீழ். ஜோஷ்வாவை ஆங்கிலத்தில் யாரும் தப்பாக எழுதிப் பார்த்ததில்லை. சாமுவேலுக்கு நடுவில் காதில் விழுகிறபடி ஒரு 'வி'யைச் செருகிவிடுகிறார்கள், தடுப்பூசி அட்டையிலேயே எங்களுக்கு அது நடந்தது, திருத்தி வாங்கினோம். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை, பள்ளியிலும் சேர்க்கவில்லை, அதனால் அந்த 'வி' இன்னும் எங்கெல்லாம் வந்து உட்காரும் என்று இப்போது சொல்ல முடியாது. வெளிநாட்டில் குடியேறும் யோசனை இருப்பவர்களுக்கு, இன்ஷியல் தொல்லை இல்லை என்பதால், என் வாதம் பாதி அடிபட்டுப் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஜோஷ்வாதான் வேண்டுமென்றால், 'யோ'வா 'ஜோ'வா என்று வீட்டில் எல்லோரும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அவசரப்பட வேண்டியதில்லை. முடிவான எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, ஐயரிடமும் அதே தாளைக் கொடுத்துவிடுங்கள்.